பற்று

கல்லாவுக்கு இடதுபுறம், முருகன் படத்துக்குக் கீழே, ஆணியில் சணல் கட்டித் தொங்கும் நீள நோட்டு அது. அட்டை கிழிந்த இடத்தில் பனியன் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் 'எக்ஸ்எல் 24 பீஸ்' என்ற அச்சும், வெட்டுப்பட்டுப்போன ஏதோ ஓர் ஊர்ப் பெயரின் வாலும் தெரியும். உள்ளே ஆளுக்கொரு பக்கம். பக்கத்தின் தலையில் யார் பெயரும் இருக்காது. 'பேட்லாக் சேலம்.' 'காஜாப் பையன்.' 'மாடி ரூம் நாலு பேர்.' 'வாச்மேன், முட்டை கிடையாது.' 'பீகார் 3.' பேட்லாக், காஜா என்று ஓட்டுகிற தையல் மெஷின், ஊர், வயிறு ஆகிய மூன்றில் எது முதலில் மனதில் தைத்ததோ அதையே ஓட்டல்காரர் தலைப்பாக வைத்துக்கொள்வார்.

எனக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. அங்கே சாப்பிடத் தொடங்கி ஏழெட்டு மாதம் கழித்து, அவர் யாருக்கோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் நின்று தலைகீழாக அதைப் படிக்க வாய்த்தது. 'தயிர் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், பி.காம். முடித்தவன், சிறுபத்திரிகைகளில் இரண்டு கவிதை வந்தவன். இதெல்லாம் நானாக எனக்கு வைத்துக்கொண்டிருந்த தலைப்புகள்.

அந்த ஓட்டல் இருப்பது ராயபுரத்தில். ராயபுரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு 1856-இல் திறந்த ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது திருப்பூர் ராயபுரத்தை. ரயிலடியிலிருந்து நடந்தே வந்துவிடலாம், காதர்பேட்டைக்கு அக்கம்பக்கம். 1997-இல் நான் வந்தபோது தெருவுக்குத் தெரு கீழ்த்தளத்தில் பவர் டேபிள் தையல் ஓடியது. மாடியில் குடித்தனம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பையன்கள், கொட்டகைக்கு நாலு பேர், ஆறு பேர். பாய் இருக்கும், கொடிக்கயிறு இருக்கும், சுவரில் நடிகர் படம் இருக்கும். அடுப்பு மட்டும் இருக்காது. கீழே நூலும் துணியும் குவிந்து கிடப்பதால் வீட்டுக்காரர் அடுப்புக்குச் சம்மதிக்க மாட்டார். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஒரு நிபந்தனையால் எங்களில் பலருக்கு ஓட்டல் என்பது ஆசைக்குப் போகிற இடமாக இல்லாமல், குடியிருந்த வீட்டில் கட்டாமல் விட்ட சமையலறையாக ஆகிவிட்டது.

ஓட்டல் என்று நான் எழுதினாலும் ஊர்வழக்கில் அது மெஸ். ஆறு மேசை, சுவரோரம் இரண்டு பெஞ்சு, கை கழுவத் தொட்டி, பின்னால் புகைபிடித்த சமையல்கட்டு. நடத்தியவர் மூலனூர்ப் பக்கத்து வானம்பார்த்த பூமிக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷம் மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் வந்து, துணி மடித்துக்கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டைலராகி, முதுகு பிடித்துக்கொண்டதும் மெஷினை விட்டு அடுப்பைப் பிடித்தவர். அடுப்படியில் உசிலம்பட்டிப் பக்கத்து மாஸ்டர் ஒருவர், கூடவே ஓட்டல்காரரின் வீட்டம்மா. ஆகவே குழம்பு இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்தது. மாஸ்டர் மிளகாயை அள்ளிப் போடுவார். அந்த அக்கா தேங்காயை அரைத்து ஊற்றி அதை அடக்கப் பார்ப்பார். மதுரைக்காரர்கள் சப்பென்றிருக்கிறது என்பார்கள், தாராபுரத்துக்காரர்கள் கண்ணில் தண்ணீர் வருகிறது என்பார்கள். யாருக்கும் வீட்டு ருசி கிடைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இரண்டு தரப்பும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு வருகிறார்கள்.

நோட்டில் இருந்ததற்குப் பெயர் பற்று. கணக்கெழுதும் நான் அதை வரவின் எதிர்ப்பக்கம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் தமிழில் இந்தச் சொல் போய் ஒட்டாத இடமில்லை. சாமியார்கள் விடச் சொல்வது பற்று. தலைவலிக்கு அரைத்து நெற்றியில் போடுவது பற்று. சோறும் குழம்பும் காய்ந்து ஒட்டியிருப்பதால் கழுவப்போடுகிற பாத்திரம் பற்றுப்பாத்திரம், பேச்சில் பத்துப்பாத்திரம். ஆசாரமான வீடுகளில் சமைத்த சோற்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட்டுவிட்டால் 'பத்து' என்று பதறுவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒட்டிக்கொள்ளுதல். சோறு ஒட்டும், கடன் ஒட்டும், ஆள் ஒட்டுவான்.

வெந்த சோற்றில் சாதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயத்தால், நம் ஊர்களில் ஓட்டல் பிறந்தபோதே தடுப்புச் சுவரோடு பிறந்தது. காப்பிக் கிளப்பில் யார் உள்ளே உட்காரலாம், யார் தனியிடத்தில் சாப்பிட வேண்டும், யார் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் ஏற்பாடு இருந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. அப்படிப்பட்ட கிராமங்களிலிருந்து கிளம்பி வந்தவர்கள் எங்கள் மெஸ்ஸில் முழங்கை இடிக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். கம்பெனியில் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விட்டால் ஒன்றரைக்குள் திரும்ப வேண்டும். பக்கத்து இலைக்காரர் எந்தத் தெரு என்று விசாரிக்க நேரமில்லை.

பசி சாதியைக் கரைத்தது என்று எழுதிவிட்டு நகர்ந்தால் கட்டுரைக்கு நன்றாயிருக்கும். நான் பார்த்தது அவ்வளவு சுத்தமானதல்ல. இலை எடுக்கிற பையனிடம் ஊரைக் கேட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டு, பதில் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களையும் அதே பெஞ்சில் பார்த்திருக்கிறேன். 2018 ஜூலையில், இதே மாவட்டத்தில், அவிநாசிப் பக்கத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அவரை மாற்றி உத்தரவு போட்டார்கள், பிறகு அதை ரத்து செய்ய வேண்டி வந்தது. அந்தச் செய்தி வந்த பேப்பர் எங்கள் மெஸ் மேசைமேல் சாம்பார் சிந்திக் கிடந்தது. ஆளாளுக்குப் படித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சமையல்கட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவுமில்லை. அந்த எட்டிப் பார்க்காமை மரியாதையா, தப்பித்தலா? நான் அதை மரியாதை என்று எண்ணிக்கொள்ள விரும்பினேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

மெஸ்ஸின் கடிகாரம் கம்பெனியில் இருந்தது. காலை எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கினால் மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கப்பலுக்கோ விமானத்துக்கோ பெட்டி போக வேண்டிய நாளில் நடுராத்திரி தாண்டும். திருப்பூரில் ஒருவன் 'நேத்து ஒன்னரை' என்றால் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் அதிலேயே அடங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டே முக்காலுக்கு மெஸ்ஸில் முதல் அலை வரும். புருவத்தில் பஞ்சு ஒட்டியவர்கள் நிட்டிங். கையில் ஆவி பட்டுச் சிவந்தவர்கள் அயர்னிங். சட்டைப் பையில் ஊசிமுனைக் கத்தரி எட்டிப் பார்த்தால் செக்கிங்.

சாயப்பட்டறைக்காரர்களை நகத்தில் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு தங்கிவிடும். கருநீலம் ஓடுகிற வாரம் கருநீலம், மெரூன் ஓடுகிற வாரம் மெரூன். வெள்ளைச் சோற்றைப் பிசைகிற அந்த விரல்களைப் பார்த்தே அடுத்த சீசனில் ஐரோப்பாவில் என்ன நிறம் ஓடும் என்று சொல்லிவிடலாம் என்பார் ஓட்டல்காரர். மெர்ச்சன்டைசர் வேலைக்கு அவர் போயிருக்கலாம். ரசம் ஊற்றும்போது நகத்தின் நிறம் இலையில் இறங்குகிறதா என்று நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். இறங்காது. அது நொய்யலில் இறங்கியது. 'சாயத்திரை' என்று சுப்ரபாரதிமணியன் தன் நாவலுக்குத் தலைப்பு வைத்தபோது உள்ளூர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆற்றைப் பார்த்தால் போதும்.

2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுக்கச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலைக்கு வராத பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அதற்குக் கீழேயிருந்த விவசாயம் பாழானதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு தாமதமாக வந்த ஒன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மெஸ்ஸில் அந்தச் செய்தி வேறு விதமாகத் தெரிந்தது. பிப்ரவரி பாதியில் நகங்கள் வெளுக்கத் தொடங்கின. புதிய நகம் அடியிலிருந்து வளர்ந்து, சாயக்கோடு மேலே நகர்ந்து, ஒரு நாள் வெட்டுப்பட்டுப் போனது. சாதாரண மனித நகத்தோடு அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அடையாளம் தெரியாமல் நான் விழித்தேன். நோட்டில் அவர்கள் பக்கம் நிரம்பி, பின்னால் ஒட்டுத்தாள் சேர்ந்தது. இரண்டு இட்லி குறைந்தது. கலக்கி நின்றது.

கலக்கியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் அதை அரைவேக்காட்டு ஆம்லெட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் டம்ளரில் முட்டையை உடைத்து ஊற்றி, அரைக் கரண்டி சால்னா, கொஞ்சம் மிளகு, உப்புப் போட்டு ஸ்பூனால் நாலு அடி அடிப்பார். கல் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் எண்ணெய் புகையக் கூடாது. ஊற்றியதும் ஓரம் மட்டும் வெளுத்துப் பிடிக்கும். நடு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே தோசைத் திருப்பியால் நாலு பக்கமும் மடித்து, கடிதத்தை உறையில் போடுவதுபோல மூடி, மூச்சு விடும் நேரத்தில் இலைக்குத் தள்ளிவிடுவார். ஒரு நொடி தாண்டினால் அது ஆம்லெட், ஒரு நொடி முந்தினால் பச்சை முட்டை. பரோட்டாவைப் பிய்த்து அதன்மேல் அழுத்தினால் உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகப் பரவும். கொங்குச் சீமையின் இந்த ஒரு பலகாரத்துக்காகவே நான் அரிசிம்பருப்புச் சோற்றின் உப்புசத்தை மன்னித்திருக்கிறேன். வேலை இருக்கும் மாதத்தில் இரண்டு கலக்கி, வேலை இல்லாத மாதத்தில் வெறும் சால்னா. ஏற்றுமதிக் கணக்கைப் படிக்க எனக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் அலுவலகத்தில் கிடைத்ததில்லை.

சாப்பாட்டுக் கடையைப் பற்றி இன்று தமிழில் எழுத உட்கார்ந்தால் ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' வந்து எதிரில் நிற்கும். அந்தக் கதையில் வரும் திருவனந்தபுரம் ஓட்டல்காரர் கெத்தேல் சாகிபு கணக்கே பார்க்காதவர். உண்டியலில் போட்டால் போடலாம், போடாவிட்டால் அவர் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார். அந்தக் கதையைப் படித்து நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஓட்டல்காரர் அப்படிப்பட்டவரில்லை. கறார். அரை அப்பளம் எச்சாக வாங்கினாலும் எழுதுவார். சனிக்கிழமை சம்பளம் போடும் ராத்திரி கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். பற்று தீராமல் எவனாவது வாசலைத் தாண்டிப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'பேட்லாக்கு!' என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். முதலில் இது எனக்குச் சின்னத்தனமாகப் பட்டது.

2001-ஆ 2002-ஆ, நான் வேலை பார்த்த கம்பெனி ஆர்டர் ரத்தாகி ஒரே ராத்திரியில் பூட்டிக்கொண்டது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. முதலாளி போன் எடுக்கவில்லை. மெஸ்ஸில் என் பக்கம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. நான் தெருவை மாற்றிக்கொண்டேன். மெஸ் இருந்த வீதியைத் தவிர்த்து, பின்சந்தில் சுற்றி, தள்ளுவண்டியில் காளானோ பன்னோ வாங்கித் தின்றுவிட்டு ரூமுக்குப் போவேன். ஆறாவது நாள் இலை எடுக்கிற பையன் மாடியேறி வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, முதலாளி வரச் சொன்னாருங்க." பாக்கி கேட்கத்தான் என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஏனுங்க தம்பி, பற்று இருக்கறவரு வராம இருந்தா எப்படீங்க? வந்து சாப்ட்டாத்தானே வேலைக்குப் போவீங்க? வேலைக்குப் போனாத்தானே எனக்குப் பணம் வரும்? ஒக்காருங்க."

அதில் ஈரம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நான் கை வைப்பதற்கு முன்பே அவர் நோட்டை எடுத்து எழுதிவிட்டார். சும்மா போடுகிற சோறாக இருந்திருந்தால் அன்றைக்கு என் தொண்டையில் இறங்கியிருக்காது. எழுதிவைத்த சோறு இறங்கியது. 'இந்த ஆள் நாளைக்கும் இங்கே இருப்பான்' என்று அந்த ஊரில் என்னைப் பற்றி ஒருவர் எழுத்தில் கொடுத்திருந்த உறுதி அது ஒன்றுதான். ரேஷன் கார்டு இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை, ரூமுக்கு வாடகை ஒப்பந்தம்கூட இல்லை. அந்த வகையில் கெத்தேல் சாகிபின் உண்டியலைவிட எனக்கு இந்த நோட்டு மேல். இப்படிச் சொல்வது சிலருக்கு உறுத்தலாம்.

அந்த நோட்டில் பெண்களுக்குப் பக்கம் கிடையாது. பனியன் கம்பெனியில் பாதிக்கூட்டம் பெண்கள்தான். ஆனால் அவர்கள் மதியத்துக்குத் தூக்குப்போசி கொண்டுவந்தார்கள், ராத்திரி போய் அடுப்பு பற்றவைத்தார்கள். எங்களைப்போலவே ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு. மெஸ்ஸுக்குள் தனியாக வந்து இலை போட்டுச் சாப்பிட்ட பெண்ணை முதல் பத்து வருஷத்தில் நான் பார்த்த நினைவில்லை. விதிவிலக்கு ஒன்றுண்டு. 'பிசிர் அக்கா' என்று ஒரு தலைப்பு. பனியனின் நூல்பிசிரை வீட்டில் வைத்து வெட்டிக்கொடுக்கும் ஐம்பது வயது அம்மா. சோறு வாங்க மாட்டார், ரேஷன் அரிசி வடித்துக்கொள்வார். தூக்கில் குழம்பு மட்டும். வாசற்படிக்கு வெளியே நின்று தூக்கை நீட்டுவார். உள்ளே வாங்க என்றால் "இருக்கட்டுங் சாமி" என்பார். எனக்குக் குழம்பு ஊற்றிய அந்தச் சமையல்கட்டு அக்கா, வெளியே வந்து அந்த அம்மாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதைக் கவனித்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் வயிறார உண்ட அத்தனை வருஷத்தில் அந்த அக்கா எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

2010-க்குப் பிறகு ராயபுரத்தில் முகங்கள் மாறின. ஒடிசா, பீகார், அசாம் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைப் பக்கம் போனால் தமிழ் கேட்பது அபூர்வம். கூடவே நைஜீரிய வியாபாரிகள். செகண்ட்ஸ் துணியை மூட்டையாக வாங்கி லாகோஸுக்கு அனுப்புகிறவர்கள். ராயபுரத்திலேயே ரூம் எடுத்துத் தங்கினார்கள். பேப்பரில் அவர்கள் பெயர் வருவது விசா முடிந்து பிடிபட்டால் மட்டும்தான். அதில் ஒருவர் மெஸ்ஸுக்கு வர ஆரம்பித்தார். ஆறடிக்கு மேல், குனிந்துதான் நுழைய வேண்டும். நோட்டில் 'உசரம்'. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டு காத்திருந்தவர்களை முதல் வாரங்களில் பார்த்தேன். நானும் ஒரு நாள் நின்றேன்.

புதன்கிழமை ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். மெஸ்ஸில் அது பழைய ஆட்களுக்கான சமையல். இளவட்டங்கள் களியைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், சாப்பிட்டாலும் மென்று தின்பார்கள், மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். ஒரு புதன்கிழமை உசரம் களி உருண்டையைக் காட்டிக் கேட்டார். வைத்தார்கள். அவர் ஓரத்தில் நெல்லிக்காயளவு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அமுக்கி, அந்தக் குழியில் குழம்பை மொண்டு, மெல்லாமல் விழுங்கினார். மறுபடி கிள்ளல், உருட்டல், குழி, விழுங்கல். ஒரு பருக்கைகூட விரலில் ஒட்டவில்லை. எதிர்ப் பெஞ்சில் தாராபுரத்துப் பெரியவர் ஒருவர் தன் கையை இலையில் வைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்பா, இவரு நம்மூர்க்காரரப்பா" என்றார். அவர்கள் ஊர் பூபூவும் இப்படித்தான், மரவள்ளி போன்ற கிழங்கில் கிண்டி இடித்த களி, சாற்றில் தோய்த்து விழுங்குவது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவருக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை. அடுத்த புதன்கிழமை அவரே உசரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. குழம்பு வேண்டுமா என்று ஒருவருக்காக ஒருவர் கையைக் காட்டிக்கொண்டார்கள்.

நோட்டின் அடுத்த தடித்த வருஷம் 2016. நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை ராத்திரி பணமதிப்பிழப்பு அறிவிப்பு. வந்த சனிக்கிழமை பல கம்பெனிகளில் சம்பளத்தைப் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளாகவே கொடுத்தார்கள். வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஓட்டல்காரர் அந்தத் தாள்களை வாங்கவில்லை, "எழுதிக்கறேன் போங்க" என்றார். ஜனவரி வரை எழுதினார். பிறகு 2020 மார்ச் ஊரடங்கு. மெஸ் பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பார்சல் மட்டும். 'பீகார் 3' மே மாதம் ரயில் கிடைத்துக் கிளம்பியபோது பற்று தீர்க்கக் கையில் பணமில்லை. ஓட்டல்காரர் சப்பாத்தி கட்டிக் கொடுத்தார், அதையும் நோட்டில் ஏற்றினார். அந்த வருஷக் கடைசியில் இரண்டு பேருடைய பங்கு போனில் வந்து சேர்ந்தது. மூன்றாமவர் பங்கு வரவில்லை. அவரைப் பற்றி மற்ற இருவரிடமும் கேட்டாரா என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்றார். "கேட்டு, வேற மாதிரி பதில் வந்துட்டா?" என்றார்.

நான் வருவதற்கு முன்பே, 1984-இல், பஞ்சப்படி கேட்டு திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைப் பற்றி ஆய்வு நூல்கள் இருக்கின்றன, சங்கங்களின் மலர்கள் இருக்கின்றன. அந்த நாலு மாதத்து மெஸ் நோட்டு ஒன்று மட்டும் எங்காவது பரணில் கரையானுக்குத் தப்பிக் கிடந்தால், அதை முதலில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்போது கல்லாவில் க்யூஆர் அட்டை இருக்கிறது, பக்கத்தில் பேசுகிற பெட்டி. நாற்பது ரூபாய் வந்தது, அறுபது ரூபாய் வந்தது என்று அது கடைக்கே கேட்க அறிவிக்கிறது. யார் இன்றைக்கு எவ்வளவுக்குச் சாப்பிட்டான் என்பது முன்பு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பையன்கள் ஸ்கேன் செய்துவிட்டு, பெட்டி பேசி முடிப்பதற்குள் படியிறங்கிவிடுகிறார்கள். தீர்ந்தது. நாளைக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நோட்டில் பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஓட்டல்காரரின் மகன், கோயம்புத்தூரில் படித்தவன், அதைப் பரணில் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான், 2025 ஆகஸ்ட் 27 முதல், இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பரில் பல கம்பெனிகள் ஒன்றரையை ஒன்றாகக் குறைத்தன. நான் ராயபுரத்தைவிட்டுக் காங்கயம் ரோட்டுப் பக்கம் குடிபோய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. எப்போதாவது கலக்கிக்காக வருவேன். அந்த மாதக் கடைசியில் போனபோது நோட்டுக்குப் புது அட்டை ஒட்டியிருந்தார்கள். மகன்தான் எழுதிக்கொண்டிருந்தான். அப்பனைப்போலவே, பெயரில்லாமல்.

அப்பனிடம் பழைய பக்கங்களைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். 'உசரம்' இருந்தது. 340 ரூபாய் நிற்கிறது. அவர் எந்த வருஷமோ சொல்லாமல் போனவர், பிடித்து அனுப்பினார்களா, தானே போனாரா, யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அடித்துவிடக் கூடாதா என்றேன்.

"எதுக்குங்க அடிக்கோணும்? பக்கம் சும்மாதானே கெடக்குது."

என் பக்கமும் இருந்தது. பாக்கி இல்லை. கீழே பாதித் தாள் வெள்ளையாகவே விட்டிருந்தார். தலைப்பு அப்படியே. இந்த வருஷம் வயிற்றுக்குச் சரியில்லாமல் டாக்டர் தினமும் தயிர் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், இப்போதெல்லாம் தயிர் சாப்பிடுகிறேன், தலைப்பை மாற்றி எழுதுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"அதெப்படிங்க மாத்தறது? அப்புறம் இது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஒரு தயிரு" என்று குரல் கொடுத்தார்.